காலி நாற்காலியும் அன்னம்மா அத்தையின் எவர்சில்வர் குவளையும்

கையில் மணியை வைத்துக்கொண்டு, எப்போது அடிக்கலாம் என்று என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் அவைத்தலைவர், பெரியவர் மருதமுத்து ஐயா அவர்களே! முன்வரிசையை நிறைத்து வீற்றிருக்கும் மூத்தோர்களே! பிரியாணி வாசம் வருகிற பக்கமாகவே முகம் திருப்பி அமர்ந்திருக்கும் பெருமக்களே! பெற்றெடுத்து, பேணி வளர்த்து, இப்போது என் தலைப்பைக் கேட்டு முகம் சுளிக்கும் தாய்மார்களே! வளர்பிறை இளைஞர் மன்றத்தின் வாட்டசாட்டமான வாலிபர்களே! மேடையில் என் இடப்பக்கம் ஆளில்லாமல் அமைதியாகக் கிடக்கும் மூன்றாவது நாற்காலியே! அனைவருக்கும் வணக்கம்.

என்ன? நாற்காலிக்கு எதற்கு வணக்கம் என்கிறீர்களா? சொல்கிறேன். கொஞ்சம் பொறுமை வேண்டும். பொறுமை என்ற சொல் என் வாயில் வந்ததும் என் அம்மா ஜெயமணி சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

அது நம் மாதர் பகுதித் தலைவி அன்னம்மா அத்தையின் நாற்காலி. பதினோரு ஆண்டுகளாக அவரைத் தவிர யாரும் அதில் அமர்ந்ததில்லை. இன்று அத்தை எங்கே? அதோ, கடைசி வரிசையில், கதவோரம். அவருடைய ராஜினாமாக் கடிதம் எங்கே? தலைவர் ஐயாவின் சட்டைப்பையில். சாப்பாட்டுக்கு முன்னால் அதை வாசித்து ஏற்றுக்கொள்ளப் போகிறார்கள். காரணம்? எல்லோருக்கும் தெரியும், எவரும் வாய் திறக்கமாட்டீர்கள். நான் திறக்கிறேன். சிம்பாங் அம்பாட்டில் நம் சீன முதலாளி தவுக்கேயின் கடையில், பீர் போத்தல்களுக்கு நடுவே, அத்தையின் பெயர் வெட்டிய எவர்சில்வர் குவளை இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

ஐயா, இன்னும் மணி அடிக்காதீர்கள், தலைப்புக்கே வந்துவிடுகிறேன். மன்றத்துக்குப் புதுக் குவளைகள் வாங்க வேண்டுமாம். பீர் குடிக்க ஏற்றது உலோகமா, கண்ணாடியா? நகைச்சுவை அரங்கத்தில் பேசித் தீர்த்துவிடு தினேஸ்வரா என்று என்னிடம் கொடுத்தார்கள். ஏன் என்னிடம்? நான் குளிர்சாதனம் படித்தவன். புக்கிட் காத்திலில் ஏர்கோன் பழுது பார்ப்பவன். சூடு எங்கிருந்து கிளம்புகிறது, எந்த வழியாக ஓடுகிறது, எங்கே போய் உட்காருகிறது என்று தேடிப் பிடிப்பதே என் பிழைப்பு!

உலோகக் குவளை உங்களை என்ன செய்கிறது? தொட்டால் சில்லென்கிறது. தூக்கினால் சிலிர்க்க வைக்கிறது. உதட்டில் வைத்தாலோ உச்சந்தலைவரை குளிர்கிறது. ஆகா, அருமை, அற்புதம் என்கிறீர்கள். ஐயா, அத்தனையும் ஏமாற்று! உங்கள் கைச்சூட்டைத்தான் அது வாங்கி வாங்கி பீருக்குள் தள்ளுகிறது. நீங்கள் கதை பேசிக்கொண்டிருக்கிறீர்கள், பீர் உங்கள் கையிலேயே சூடேறிக்கொண்டிருக்கிறது. தடித்த கண்ணாடியோ சூட்டை அவ்வளவு எளிதில் உள்ளே விடாது. நுரை எத்தனை விரல், பீர் எத்தனை விரல் என்பதையும் ஒளிக்காது.

வெறும் பேச்சா இது? இல்லை! சோதித்தேன். ஒரு போத்தல், இரண்டு குவளை, ஒரு தெர்மாமீட்டர். ஊற்றும்போது இரண்டிலும் ஐந்து டிகிரி. கால் மணி நேரம் இரண்டையும் கையிலேயே பிடித்திருந்தேன். எவர்சில்வரில் பதினான்கு. கண்ணாடியில் பத்து. நான்கு டிகிரி, நண்பர்களே! நான்கு!

யார் அங்கே கத்துவது? லாரி ஓட்டும் பிச்சைமுத்து அண்ணனா? என்னண்ணே? "ரெண்டுலயும் ரெண்டு கட்டி ஐஸ் போட்டா முடிஞ்சதுலா, இதுக்கா ஒன்ன படிக்க வச்சாங்க?"

...அண்ணே, என் ஆராய்ச்சியை ஐஸ் கட்டியால் அடித்துவிட்டீர்கள். உட்காருங்கள். நீங்களும் இந்தக் கதையில் வருகிறீர்கள்.

இப்போது நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி வேறு. சோதனை எங்கே நடந்தது? தவுக்கே கடையில். தவுக்கே கடையில் இருப்பதெல்லாம் கண்ணாடி. அப்படியானால் எவர்சில்வர் குவளை எங்கிருந்து வந்தது?

பாருங்கள், தலைகளெல்லாம் கதவோரம் திரும்புகின்றன.

சித்திரைப் புத்தாண்டுக்கு அன்னம்மா அத்தை எங்கள் வீட்டுக்குப் பாயசம் கொடுத்தனுப்பினார். கைப்பிடி வைத்த எவர்சில்வர் குவளையில், வாய்வரை. பாயசம் போய்விட்டது, குவளை எங்கள் அடுக்களையில் தங்கிவிட்டது. சோதனைக்கு உலோகம் வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைத்தான் எடுத்துப் பையில் போட்டேன். அடியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்ததே, பார்த்தாயா தினேஸ்வரா? பார்க்கவில்லை. படித்தவன் தெர்மாமீட்டரைப் பார்ப்பானே தவிர குவளையின் அடியைப் பார்ப்பானா?

கடையில் தவுக்கே இல்லை, மாடியில் தூக்கம். புதிதாக வந்த ஆள் போத்தலை நீட்டிவிட்டுப் பத்திரிகைக்குள் போய்விட்டார். சோதனை முடிந்தது. இடுப்பில் பேஜர் அலறியது. எங்கேயோ ஓர் ஏர்கோன் ஒழுகுகிறதாம். எழுந்தேன், ஓடினேன். தெர்மாமீட்டரை மறந்தேனா? இல்லை, அது கம்பெனிப் பொருள். குவளையை மறந்தேன்.

மறுநாள் தவுக்கே குவளையைக் கண்டெடுத்தார். அவர் என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். படிக்க மட்டும் தெரியாது. அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தவர் யார்? நம் பிச்சைமுத்து அண்ணன்! கவிழ்த்துப் பார்த்து, கணீரென்று வாசித்தார்: "அன்னம்மா, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது!"

தவுக்கே நல்ல மனிதர். அந்த நல்ல மனசுதான் அத்தையைக் கவிழ்த்தது. வருகிற தமிழர் ஒவ்வொருவரிடமும் அக்கறையாகச் சொன்னார்: "அன்னம்மாகிட்ட சொல்லுங்க, குவளைய மறந்துட்டுப் போயிருச்சு. கழுவி வச்சிட்டேன், இப்ப பீர் வாடையே இல்ல."

வாடை இல்லையாம்! ஊர் முழுக்க அதே வாடைதான்!

அன்னம்மா அத்தை யார்? தவுக்கே கடையின் பின்கதவு தமிழ்ப்பள்ளிச் சந்துப் பக்கமாகத் திறந்திருக்கிறதே, பள்ளி நேரத்திலாவது அதைச் சாத்தட்டும் என்று வீடு வீடாக ஏறி இறங்கி மனுவுக்குக் கையெழுத்து வாங்கியவர். அந்தப் பெண்மணியைப் பார்த்து என்ன கேட்டீர்கள்? "மொதல்ல ஒங்க குவளைய எடுங்க, அப்பறம் கதவ மூடலாம்." கேட்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். தலையைக் குனிய வேண்டாம். உங்களைவிட அதிகமாகக் குனிய வேண்டியவன் மேடையில் நிற்கிறேன்.

அத்தை கோயிலுக்கு வருவதை நிறுத்தினார், மனுவை மடித்து அலமாரியில் வைத்தார். நீ என்ன செய்தாய் தினேஸ்வரா? முதல் வாரம் எனக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த இரண்டு வாரம் தெரியும்.

தெரிந்தும் சும்மா இருந்தேன். ஊரில் யார் ஒயர் தப்பாக இழுத்தாலும் முகத்துக்கு நேரே சொல்லுகிற வாய் இது. யார் கூட்டத்தை நீட்டினாலும் எழுந்து கத்துகிற வாய் இது. இரண்டு வாரம் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஏன்? ஒரு போத்தல் பீர் குடித்தேன் என்பது அம்மாவுக்குத் தெரிந்துவிடுமாம்! அம்மா, தெரிந்துகொள்ளுங்கள். குடித்தேன். பாதி பதினான்கு டிகிரியில், பாதி பத்து டிகிரியில். இரண்டையும் வீணாக்கவில்லை.

ஆகவே அவையோரே, என் தீர்ப்பு! கண்ணாடி உள்ளே இருப்பதைக் காட்டும். எவர்சில்வர் உள்ளே இருப்பதை மறைக்கும், பெயரை மட்டும் ஊருக்குச் சொல்லும். அதுவும் யார் பெயரை? குடித்தவன் பெயரையா? இல்லை, பாயசம் கொடுத்தவர் பெயரை! எனவே மன்றத்துக்குக் கண்ணாடியே வாங்குங்கள். நான்கு டிகிரிக்காக அல்ல. குடிக்கிறவன் குடிக்கிறேன் என்று தெரியும்படி குடிக்கட்டும். ஒளிந்து குடிக்க அடுத்த வீட்டுக் குவளையை அவன் தூக்க வேண்டாம்.

இதோ அந்தக் குவளை. காலையில் தவுக்கேயிடம் உண்மையைச் சொல்லி வாங்கி வந்தேன். "மூணு வாரமா எங்கடா போயிருந்த?" என்றார். அன்னம்மா அத்தை, மூன்று வாரமாக உங்கள் தலையில் கிடந்தது என் குற்றம். ஊரார் முன்னிலையில் எடுத்துக்கொள்கிறேன். மன்னிக்க வேண்டும். வெறும் குவளையாகத் திருப்பித் தரக்கூடாது என்று அம்மா ஒரு கைப்பிடி சீனி போட்டிருக்கிறார். மனுவை அலமாரியிலிருந்து எடுங்கள். அடுத்த கையெழுத்து என்னுடையது.

என்ன அத்தை? கேட்கவில்லை, சத்தமாக... "புளி போட்டு வெளக்குனியாடா?" மூன்று முறை, அத்தை! சாம்பல் போட்டும் ஒரு முறை!

வருகிறார். வழி விடுங்கள். பிச்சைமுத்து அண்ணே, காலை மடக்குங்கள், அந்த நேரம் பார்த்துத் தவுக்கே கடைக்குள் நுழைந்த கால்கள்தானே அவை! அத்தை படியேறுகிறார். நாற்காலி நிறைந்துவிட்டது, அவையோரே! தலைவர் ஐயா மணியைக் கீழே வைத்துவிட்டுப் பிளாஸ்கைத் திறக்கிறார். சீனி கிடக்கிற அதே குவளையில் தேத்தண்ணி ஊற்றுகிறார். அத்தை பிடிக்கிறார். சுடுகிறது! சுடும். உலோகம், சொன்னேனே! துணி எங்கே? துணி இல்லை. ஐயா சட்டைப்பைக்குள் கைவிட்டு... அந்தக் கடிதத்தை நான்காக மடித்து... குவளையைப் பிடித்துக்கொள்ளக் கொடுத்துவிட்டார்!

அத்தை, எப்படி இருக்கிறது? "சீனி அதிகம்." அம்மா, கேட்டீர்களா?

உள்ளே இருப்பது தேத்தண்ணிதானா என்று பின்வரிசையில் யாரோ எட்டிப் பார்க்கிறீர்கள். இங்கிருந்து பார்த்தால் எனக்கும் தெரியவில்லை. அத்தை தேத்தண்ணி என்றால் தேத்தண்ணிதான்.

பிழையோடு பேசியவனைப் பிரியாணி ஆறும்வரை பொறுத்த உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. வாழ்க நீங்கள். வணக்கம்.