தொழில்: நடிகை

தொண்ணூறுகளில் ஒரு மாலை. ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத் தொங்குரயிலில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“அகதி விசாரணையில தொழில் என்னவெண்டு கேக்க, அவ நடிகை எண்டு சொல்லியிருக்கக் கூடாது, அக்கா,” என்றாள் இளையவள்.

“ஆர், முகாமில உன்ர அறையில இருக்கிற அந்த ஆபிரிக்கப் பெண், டோகோ நாட்டுக்காரியோ?”

“ஓம். அங்க மேடையில பெரிய ஆளாம். நாடகங்களும் தானே எழுதுறவ. அரசாங்கத்தைப் பற்றி ஒண்டு எழுதி நடிச்சதுக்குப் பிடிச்சுக்கொண்டு போய் அடிச்சவங்களாம். அதைச் சொல்லேக்க விசாரணையில விக்கி விக்கி அழுதாவாம்.”

“பிறகு?”

“நேற்றுக் கடிதம் வந்தது. அழுறது அவவுக்குப் பழகின தொழில், அதால நம்ப ஏலாதாம். திருப்பி அனுப்பப் போறாங்கள்.”

நான் இறங்க வேண்டிய நிலையம் வந்தது. நான் இறங்கவில்லை.

“நீங்கள் உங்கட விசாரணையில அழுதனீங்களோ, அக்கா?”

“இல்லை. என்ர மனுசனைச் சுட்டதைச் சொல்லேக்கயும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரேல்லை.”

மூத்தவள் கைப்பையின் வாரை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

“மனுசன் செத்த பொம்பிளை இப்பிடி இருக்கமாட்டாள் எண்டு எழுதினவங்கள்.”