சாவா மூவா ஆடுகள்

— குனிஞ்சு வாங்க சம்பந்தி, நிலைக்கல் இறங்கியிருக்கு. எப்பேர்ப்பட்ட மனுஷனும் தலை குனிஞ்சுதான் உள்ள வரணும்னு எங்க முன்னோர் திட்டம் போட்டுக் கட்டினது.

— திட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மேல மரம் முளைச்சு, வேர் இறங்கிக் கல்லைத் தள்ளிடுச்சு.

— ஏங்க, அவரு சொன்னா சரின்னுட்டு வாங்களேன்.

— இருக்கட்டும் சம்பந்தியம்மா. ஆயுசு பூரா கல்வெட்டு இலாகாவுல இருந்தவர். மறுத்துப் பேசாட்டி நாக்கு துருப்பிடிச்சிரும். கோயில் மண்டபத்தைப் பாருங்க! எண்ணூறு வருஷம்! கம்பீரமா நிக்குதா இல்லையா?

— பாதி நிக்குது. மீதி படுத்திருக்கு.

— அந்தத் தூண்ல என்னமோ இருக்கே, அதுவும் கல்வெட்டா?

— இல்ல. ஒரு பையன் பேரு, ஒரு பொண்ணு பேரு, நடுவுல அம்பு குத்தின இதயம். போன மாசத்துப் பெயிண்ட்.

— எல்லாத்தையும் தேய்ச்சு எடுத்துடுவோம். அதாவது, திருப்பணிக் கமிட்டிக்கு நான்தான் தலைவர்னு சொன்னேனோ?

— வண்டி ஏறினதுல இருந்து சொல்லிட்டுத்தான் வர்றீங்க.

— தரை முழுக்க டைல்ஸ். விமானத்துக்கு அஞ்சு கலர். வாசல்ல எங்க முப்பாட்டன் பேருல ஒரு வளைவு. கார்க்காரன் எவனும் நிமிர்ந்து பார்க்காமப் போக முடியாது.

— கருவறை காலியா இருக்கே. சாமி?

— சாமி காணாமப் போய் ரொம்பக் காலமாச்சு. அதுக்கு அப்புறமா ஏற்பாடு பண்ணிக்கலாம். முதல்ல வளைவு. வௌவாலுக்குப் பயப்படாதீங்க சம்பந்தியம்மா, பரம்பரையா இங்கயே இருக்கிறதுங்க, ஒண்ணும் பண்ணாது. இதோ, நான் சொன்ன கல்வெட்டு இந்தச் சுவர்லதான். எங்க குடும்பப் பேரு மட்டும் எனக்கு அகப்படுது. மத்ததெல்லாம் கோழி கிளறின மாதிரி. நீங்க முழுசாப் படிச்சுச் சொன்னா, வளைவுல அப்படியே வெட்டிடுவேன். நாளைக்கு நம்ம பிள்ளைங்க நிச்சயத்துல சபையில வாசிக்கவும் ஆச்சு.

— பாசி மூடியிருக்கு. தண்ணி விட்டுத் தேய்ச்சாத்தான் எழுத்து தெளியும்.

— தண்ணிதானே? வண்டியில கேன் இருக்கு, நானே எடுத்துட்டு வர்றேன். நம்ம முப்பாட்டனைக் குளிப்பாட்ட நமக்கென்ன வெட்கம்?

— போயிட்டாரு. ஏங்க, ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?

— தண்ணி தேவையே இல்ல. படிச்சாச்சு. அவரு முப்பாட்டன் திருடன்.

— கடவுளே! மெதுவாப் பேசுங்க.

— கோயில் விளக்குக்கு நெய் வேணும்னு ஊர்க்காரங்க ஆடு விட்டிருக்காங்க. அதுக்கு சாவா மூவாப் பேராடுன்னு பேரு. ஒண்ணு செத்தா ஒரு குட்டி, ஒண்ணு கிழடானா ஒரு குட்டின்னு போட்டு மந்தை குறையாமப் பார்த்துக்கணும். இந்த ஆளு பொறுப்புல இருந்தப்போ சாகாத ஆடெல்லாம் சந்தைக்குப் போயிருச்சு. விளக்கு அணைஞ்சிருச்சு.

— அப்புறம்?

— ஊர்ச்சபை கூடியிருக்கு. இவனும் இவன் வம்சமும் இந்தக் கோயில் காரியத்துல கை வைக்கக் கூடாதுன்னு வெட்டி வச்சிருக்காங்க.

— தலைவரே ஆயிட்டாரே இவரு!

— அதைத்தான் சொல்லப்போறேன்.

— சொல்லுங்க, நல்லாச் சொல்லுங்க. அந்த மனுஷன் இங்கேயே சம்பந்தத்தை முறிச்சிட்டு வண்டி ஏறிடுவாரு. எத்தனை பேரைத் தட்டிக் கழிச்சா நம்ம பொண்ணு! அவளா வாயைத் திறந்து சரின்னது இந்த ஒரு பையனைத்தான். நேத்து துணி மடிக்கிறப்போ பாடிக்கிட்டிருந்தா. அவ பாடி நீங்க கேட்டிருக்கீங்களா?

— கல்லுல இருக்கிறதை நான் ஒரு எழுத்து மாத்திப் படிச்சதில்ல. மந்திரி கேட்டப்பவே மாத்தல.

— அதனாலதான் ரிட்டயர் ஆகிற வரைக்கும் அதே கால் ஆடுற நாற்காலியில உக்காந்திருந்தீங்க. அதுக்கு நான் ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா? இன்னிக்கு அவளுக்காகக் கேக்கறேன்.

— வர்றாரு.

— சிரிங்க.

— இந்தாங்க தண்ணி. ஊத்தவா? ஆஹா, தெளியுது தெளியுது! படிங்க சம்பந்தி.

— ம்... விளக்குன்னு இருக்கு. ஆடுன்னு இருக்கு. உங்க முன்னோர்... விளக்குக்காக... சாவா மூவா ஆடு கொடுத்திருக்கார்.

— சாகாத ஆடு! கேட்டீங்களா சம்பந்தியம்மா? எங்க வம்சத்துல ஆடு கூட சாகாது!

— விளக்கு அணையாமப் பார்த்துக்கிட்டதுக்கு ஊரே கூடிப் பாராட்டிச்சாம். இல்லீங்க?

— ஆமா. ஊர் கூடினது வாஸ்தவம்.

— கடைசி வரி ஒண்ணு நீளமா இருக்கே?

— அது... சிதைஞ்சு போச்சு.

— அப்படியா? எனக்குப் பளிச்சுனு தெரியுதே. இவனும் இவன் வழி வந்தாரும் இக்கோயில் காரியம் செய்யக் கடவர் அல்லர். சரியாப் படிக்கிறேனா சம்பந்தி?

— உங்களுக்கு... இது தெரியுமா?

— ஆள் வச்சுப் படிச்சு, மனப்பாடமே பண்ணிட்டேன். அதாவது, திருடர்தான். இருந்தாலும் கல்லுல வெட்டி வைக்கிற அளவுக்குத் திருடியிருக்கார் பாருங்க! உங்க வீட்டுப் பக்கம் அப்படி யாராவது உண்டா?

— அவரு மேல தப்பு இல்ல சம்பந்தி. நான்தான் சொல்ல வேணாம்னு...

— யாரும்மா தப்புன்னது? இதுக்கு முன்னாடி ஒரு இடம் வந்துச்சு. அவங்க கூட்டிட்டு வந்த புரொபசர் எடுத்த எடுப்புல திருடன்னு வாசிச்சார். அந்தச் சம்பந்தத்தை அன்னிக்கே விட்டுட்டேன். அடுத்து வந்த பொண்ணோட அப்பா ஒரு எழுத்தும் தெரியாமலே ஆஹா ஓஹோன்னார். அவரும் உதவ மாட்டார். எல்லாம் தெரிஞ்சும், பொண்ணுக்காக உண்மையை முழுங்கத் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான்.

— அப்போ நாளைக்கு நிச்சயம்...

— நடக்கும். ஜாம் ஜாம்னு நடக்கும். இப்படி இந்தப் படியில உக்காருங்க சம்பந்தி, நிழலா இருக்கு. என் பையனைப் பத்தி ஒரு சமாசாரம் இருக்கு. அதையும் இதே மாதிரி படிச்சு, உங்க பொண்ணுகிட்ட சொல்லிடுங்க.