கூட்டுரோட்டுல நீட்டின கை

…சிக்கனத்தப் பத்திப் பேசுங்கன்னு நம்ம பஸ் தொழிலாளர் சங்கத்துல சொன்னாங்க. நானும் அரை மணி நேரமா பேசுதேன், பாதிப் பேரு கொட்டாவி விடுதிய. சரி… ஒரு சின்னக் கதை சொல்லுதேன், அப்பவாவது முழிக்கியளான்னு பாப்போம். சிரிப்புக் கதை இல்ல, அத இப்பவே சொல்லிடுதேன்.

ஆவுடையப்பன்னு ஒரு டிரைவர். பேர மாத்தித்தான் சொல்லுதேன், யாரு யாருன்னு திரும்பிப் பாக்காதிய. முப்பத்தோரு வருசம் எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டினவரு. எக்ஸ்பிரஸ் டிரைவர் எப்படின்னு கண்டக்டரா இருந்த எனக்குத் தெரியாதா? ஸ்டாப் இல்லாத எடத்துல ஒருத்தர் கை நீட்டினா என்ன செய்வாரு? நேரா ரோட்டையே பாப்பாரு… ஆக்சிலேட்டர ஒரு மிதி கூட மிதிப்பாரு. அப்படித்தான? சிரிக்கிய. எல்லாரும் செஞ்சதுதான.

ரிட்டயர்டு ஆனதும் ஒரு பழைய ஸ்கூல் வேன வாங்கினாரு. மஞ்ச வேன். சீட்டையெல்லாம் கழட்டிப் போட்டுட்டு ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, ஒரு தண்ணி டிரம். வீட்டுக்காரியக் கூப்பிட்டாரு. "செண்பகம், ஏறு. காஷ்மீர் வரைக்கும் போறோம்." லாட்ஜ் கெடையாது, ஓட்டல் கெடையாது. பெட்ரோல் பங்க்ல தூக்கம், அங்கயே குளியல், ரோட்டோரத்துல சோறு. போகப் போக பாஷை மாறுது, சேலை கட்டு மாறுது, டீ கிளாஸ் சின்னதாகிட்டே போவுது. தெலுங்கானாவுல பருத்தி வெடிச்சு வெள்ளவெளேர்னு நிக்கு. அந்தம்மா ஜன்னல விட்டு நகரல.

ஆனா செண்பகத்துக்கு இந்தப் பயணத்துல ஒரே ஒரு ஆசைதான். அது காஷ்மீர் இல்ல. உலகம்மான்னு ஒரு கூட்டாளி. ரெண்டு பேரும் கொமரிப்பிள்ளைகளா ஒரே காம்பவுண்டு வளவுல உக்காந்து பீடி சுத்தினவங்க. உலகம்மா ரயில்வேக்காரரக் கட்டிக்கிட்டு மகாராஷ்டிராவுல வார்தாங்கிற ஊருக்குப் போயிட்டா. பாத்து இருபத்தாறு வருசம்… இருபத்தாறு வருசம்!

நாக்பூர் போற ரோட்டுல ஒரு கூட்டுரோடு வரும். அங்கேருந்து உள்ள வார்தா முப்பத்தஞ்சு கிலோமீட்டர். கூட்டுரோட்டுக்கு இன்னும் அஞ்சு மணி நேரம் இருக்கயிலயே செண்பகம் கேட்டா.

"ஏங்க… ஒரு எட்டு போயிட்டுப் போவமா?"

"போக முப்பத்தஞ்சு, வர முப்பத்தஞ்சு. எழுபது கிலோமீட்டர் டீசல் வெட்டிக்கா? வர்றப்ப பாத்துக்கிடலாம்."

செண்பகம் போன் போட்டு விசயத்தச் சொன்னா. உலகம்மா என்ன சொன்னா தெரியுமா? "போன அண்ணாச்சிட்ட குடு… அண்ணாச்சி, நீங்க உள்ள வரவே வேண்டாம். நான் பஸ் புடிச்சுக் கூட்டுரோட்டுக்கு வந்துருதேன். அஞ்சே நிமிசம் நிப்பாட்டுங்க. அவ மொகத்தப் பாத்துக்கிடுதேன்."

"எதுக்குத் தங்கச்சி அலையுத? வர்றப்ப ரெண்டு நாள் தங்குதோம்."

போன வச்சாச்சு. செண்பகம் உள்ள போயி கட்டில்ல படுத்தா, அப்படியே தூங்கிட்டா. வண்டி கூட்டுரோட்டத் தாண்டிப் போயிட்டு.

காஷ்மீர் போனாங்க, பனியப் பாத்தாங்க. அங்க நம்ம ஊரு பிரிபெய்டு சிம் எடுக்காது. கீழ எறங்கி வந்து உலகம்மாவுக்குப் போட்டா… அடிக்குது, எடுக்கல. "வேலையா இருப்பா"ன்னு நெனச்சுக்கிட்டா செண்பகம். அவளுக்குன்னு ஊர்லேருந்து கொண்டாந்த கருப்பட்டிப் பைய எடுத்து, புதுத் துணியில கட்டி வச்சா.

வார்தாவுல கதவத் தெறந்தது உலகம்மா வீட்டுக்காரரு. மொட்டத் தலை. அதப் பாத்ததும் செண்பகத்துக்கு வெளங்கிட்டு. கையில இருந்த கருப்பட்டியக் கொண்டுபோயி வேன்ல வச்சுட்டுத் திரும்பி வந்தா. துக்க வீட்டுக்குள்ள இனிப்பக் கொண்டு போகலாமா?

"மாரடைப்பும்மா. இன்னையோட பதினாறு நாளாச்சு." அந்த மனுசன் மெதுவாத்தான் சொன்னாரு. "வராதன்னு அண்ணாச்சி சொல்லியும் அன்னைக்கு அவ கேக்கல. உளுந்தஞ்சோறு ஆக்கி, டிபன் கேரியர்ல எடுத்துக்கிட்டுக் கூட்டுரோட்டுக்குப் போயிட்டா. ரெண்டு மணி நேரம் நின்னுருக்கா. 'மஞ்ச வேன் வந்துச்சு, தமிழ்நாட்டு நம்பர். கை காட்டினேன், நிக்கல. அண்ணாச்சி பாத்திருக்க மாட்டாக'ன்னா."

செண்பகம் திரும்பிப் புருசனப் பாத்தா.

"நீங்க பாத்தியளா?"



"கை தெரிஞ்சுது… மொகத்தப் பாக்கல."

அவ்வளவுதான். துக்க வீட்டுல "போயிட்டு வாரேன்"னு சொல்லக் கூடாதுல்லா? இருபத்தாறு வருசமா உலகம்மா வீட்டுக்குப் போகணும் போகணும்னு கெடந்தவ, மொத மொதல்ல அந்த வீட்டு வாசல மிதிச்சவ… யார்ட்டயும் சொல்லிக்கிடாம எறங்கி வந்து வேன்ல ஏறினா.

ஊரு வந்து சேர ரெண்டரை நாள். ஒரு வார்த்தை ஏசல. "ஏசியிருந்தா தேவலைய்யா, நாலு வார்த்தை நல்லா ஏசியிருந்தா தேவலை"ன்னு என்கிட்ட சொல்லயில ஆவுடையப்பன் அழுதுட்டாரு. அவ்வளவு பெரிய ஆளு, எங்கிட்ட வந்து அழுதாரு. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியல. இன்னைக்கும் தெரியல.

சிக்கனமா இருங்க. வேண்டாம்னு நான் சொல்லல. டீசல மிச்சம் புடிங்க, லாட்ஜ மிச்சம் புடிங்க. ஆனா ஒண்ணு கேக்குதேன்… "வர்றப்ப பாத்துக்கிடலாம்"னு சொல்லுதோமே, எந்த நம்பிக்கையில சொல்லுதோம்? நாம திரும்பி வருவோம்ங்கிறதுல நமக்குச் சந்தேகமே இல்ல. சரி, வருவோம். அவங்க இருப்பாங்கன்னு யாரு சொன்னா?

நீங்க யாருகிட்ட அப்படிச் சொல்லி வச்சிருக்கிய? ஒருத்தராவது இருப்பாங்க. இப்ப உங்க மனசுல வந்துட்டாங்க பாருங்க, அவங்கதான். வெளிய சாப்பாடு தயாரா இருக்கு… சோறு ஆறினா ஆறட்டும். மொதல்ல அவங்களுக்கு ஒரு போன் போட்டு, நாளைக்கு வாரேன்னு சொல்லுங்க. சொல்லிட்டு, போயிருங்க.