வெளியே நிற்கிறார்கள்

— மெதுவாப் பேசுங்க சித்தி, இப்பத்தான் பிள்ளை கண்ணை மூடினான். கதவை நான் திறக்கப் போறதில்லை.

— மழை பெய்யுது கண்ணு. உன்னைப் பெத்தவங்க வாசல்ல நனைஞ்சுக்கிட்டு நிக்கறாங்க.

— நிக்கட்டும். அப்பாவையும் என்னையும் விட்டுட்டுப் போனவங்கதானே? இத்தனை வருஷம் இல்லாத பாசம், பேரன் பொறந்ததும் பொத்துக்கிட்டு வந்துருச்சா?

— பச்சை உடம்போட இப்படிக் கொதிக்காதே. அந்தத் துண்டையெல்லாம் இப்படித் தள்ளு, மடிச்சு வைக்கிறேன்.

— நானாவா சொல்றேன்? ஞாயித்துக்கிழமை வகுப்புல பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கறதுதான். உங்க அம்மா வெளியே நிக்கறாங்கன்னு வந்து சொன்னப்ப இயேசு என்ன கேட்டாரு? ‘என் தாயார் யார்?’

— கேட்டாரு.

— சுத்தி உட்கார்ந்திருந்தவங்களைக் காட்டி, இவங்கதான் என் தாய்னாரு. முடிஞ்சுது. என் பக்கத்துல உட்கார்ந்திருக்கறது நீங்க.

— அந்த வசனத்தைக் கேக்கறப்பல்லாம் எனக்கு நெஞ்சு குளிர்ந்து போகும். பெறாதவளையும் சேத்துக்கிட்டாரேன்னு.

— அப்புறம் என்ன?

— வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கறப்ப, வெளியே நின்ன அந்தம்மா ஞாபகம் வந்துரும். ஒரு தடவை போதகர்கிட்டயே கேட்டேன், கடைசியில அவங்களை உள்ள விட்டாங்களா ஐயான்னு.

— என்ன சொன்னாரு?

— ஆவிக்குரிய உறவுதாம்மா பெருசுன்னு விளக்கு விளக்குன்னு விளக்கினாரு. சரிங்கய்யா, உள்ள விட்டாங்களான்னு மறுபடி கேட்டேன். அது எழுதலைன்னுட்டாரு.

— எழுதலைன்னா விடலைன்னுதான் அர்த்தம்.

— துரத்துங்கன்னும் எழுதலையே. ஆண்டவர் வீட்டைப் பெருசாக்கினாரு கண்ணு, யாரையும் எழுப்பி வெளியே அனுப்பல. அதே வாய்தானே சிலுவையில உயிர் போற நேரத்துல, என் தாயைப் பாத்துக்கோன்னு சீஷன்கிட்ட ஒப்படைச்சுது?

— அந்தம்மா சிலுவை வரைக்கும் கூடவே வந்தாங்க சித்தி. இவங்க எனக்கு டைபாய்டு வந்தப்பகூட எட்டிப் பாக்கல. ஆஸ்பத்திரியில தரையில படுத்துக் கிடந்தது நீங்க.

— அதை ஏன் இப்ப.

— அப்பாவைக் கட்டிக்கிட்டு நீங்க இந்த வீட்டுக்கு வந்த அன்னைக்கே உங்களை அம்மான்னு கூப்பிட வந்தேன். ஞாபகம் இருக்கா?

— இல்லாம? முன்பல்லு விழுந்த வாயி. நான்தான் வேண்டாம்னேன்.

— சித்தின்னு கூப்பிடு, அந்த வார்த்தையை அவங்களுக்குன்னு எடுத்து வை, என்னைக்காவது வருவாங்கன்னீங்க.

— வந்துட்டாங்களே. கொஞ்சம் லேட்டு, அவ்வளவுதான்.

— உங்களுக்கு வலிக்கலையா?

— வலிக்காம இருக்குமா? ஜன்னல் வழியா பாத்ததுலேர்ந்து, இவனை அவங்க மடியில வாங்கிக்கிட்டா நான் எங்க போய் உட்காருவேன்னு இருக்கு. ஆனா வெளியே ஒருத்தி நிக்கறதைப் பாத்துக்கிட்டு உள்ள உட்கார்ந்திருக்க என்னால ஆகாது.

— சரி. இவனைப் பிடிங்க. மடியிலேயே வச்சுக்கங்க, நான் சொல்ற வரைக்கும் யார்கிட்டயும் கொடுக்காதீங்க.

— நீ எங்க எழுந்திரிக்கறே?

— கதவைத் திறக்க.

— முகத்தைக் கடுகடுன்னு வச்சுக்காதே கண்ணு. எடுத்து வச்ச அந்த வார்த்தையைச் சொல்லியே கூப்பிடு, பாவம்.

— வாங்க. இப்படி நனைஞ்சுட்டீங்களே. உள்ள வந்து உட்காருங்க, தலை துவட்ட அம்மா துண்டு தருவாங்க.