எழுபத்தெட்டுச் சீட்டுகள்

எனக்குச் சீட்டு விளையாடத் தெரியாது சார். முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். ரம்மிக்கு எத்தனை சீட்டு போடுவார்கள் என்றுகூடத் தெரியாது.

எங்கள் கல்லூரிக் குறும்படத்தில் செட் பொருட்களுக்கு நான் பொறுப்பு. கதை வழக்கமானதுதான். ஒரு பெண் டாரட் சீட்டில் குறி பார்க்கப் போகிறாள், சாவுச் சீட்டு வருகிறது. சினிமாவில் வேறு சீட்டு வந்து நான் பார்த்ததில்லை. மிச்சமெல்லாம் சீட்டுக்கட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகின்றன.

நடித்தது இயக்குநரின் அக்கா. தையல்காரர், நடிப்பு வராது. குறி சொல்பவரின் கைகள் மட்டும்தான் படத்தில் தெரியும். அவை என் கைகள்.

எத்தனை டேக் போனாலும் அதே சீட்டு வர வேண்டும். அதனால் அச்சகத்தில் கொடுத்து, கட்டிலுள்ள எழுபத்தெட்டையும் சாவுச் சீட்டாக, குதிரையேறிய எலும்புக்கூடாகவே அடித்து வாங்கினேன். அக்காவிடம் சொல்லிவிட்டாயா என்று இயக்குநர் கேட்டான். சொல்லிவிட்டேன் என்றேன்.

முதல் டேக்கில் அக்கா சிரித்தார். மூன்றாவதில் சிரிக்கவில்லை. ஆறாவதில் கை நடுங்கியது. இயக்குநர் என் காதருகே வந்து, "எங்கக்கா இப்படி நடிக்கும்னு எனக்கே தெரியாதுடா" என்றான். நானும் ஆச்சரியப்பட்டு வைத்தேன்.

இடைவேளையில் அக்கா என்னிடம் வந்தார். வெள்ளிக்கிழமை அவருக்கு இதயத்தில் ஆபரேஷன். தள்ளிப்போடவே கூடாது என்று டாக்டர் சொன்னது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"தம்பி, கேமரா இல்லாம ஒண்ணே ஒண்ணு எடுத்துப் பாக்கட்டுமா? ஆபரேஷனை நெனச்சுக்கிட்டு. வேற எது வந்தாலும் நிம்மதியாப் போய்ப் படுத்துருவேன்."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம்தான். ஆனால் இன்னும் மூன்று காட்சிகள் பாக்கி இருந்தன. சொன்னால் அவர் முகம் மாறிவிடும். சீட்டுகளை நன்றாகவே கலைத்தேன். விசிறி மாதிரி விரித்து நீட்டினேன்.

அந்த மூன்று காட்சிகளும் பிரமாதமாக வந்தன.

வெள்ளிக்கிழமை அக்கா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. காரணமே சொல்ல மாட்டேங்குது, பயமா இருக்குன்னு மட்டும் சொல்லுது என்று இயக்குநர் என்னிடம் புலம்பினான். அவன் தோளில் கை வைத்து, எல்லாம் சரியாகிவிடும் என்றேன். பதினோராவது நாள் தையல் மெஷின் மேலேயே அக்கா சாய்ந்துவிட்டார்.

படத்தை இப்போது நான்தான் எடிட் செய்கிறேன். இயக்குநரால் அக்காவைத் திரையில் பார்க்க முடியவில்லை. எந்தத் துண்டை எடுத்தாலும் சீட்டைத் திருப்பியதும் அக்காவின் கண் மெதுவாக மேலே வருகிறது, எதிரே உட்கார்ந்திருந்த என் முகத்துக்கு. அதை வெட்டினால் அடுத்த துண்டிலும் வருகிறது. கம்ப்யூட்டரை அணைத்தால் கறுப்புத் திரையிலும் வருகிறது. மேசையில் நான்கு கைகள். இரண்டு நடுங்குகின்றன. என்னுடையவை அசையவேயில்லை.

ஆனால் நான் எதையும் அவர் கையில் திணிக்கவில்லை சார். அன்று எந்தச் சீட்டை எடுப்பது என்று அக்கா ரொம்ப நேரம் யோசித்தார். நடுவில் ஒன்றைத் தொட்டார், வேண்டாமென்று விட்டார், கடைசியில் ஓரத்துச் சீட்டை உருவினார். அந்த விருப்பத்தில் நான் தலையிடவே இல்லை.