ஃபைல்ல தப்பு இல்லை

இந்த நாற்காலிக்கு ஒரு கால் கட்டையா இருக்கு, மேடம். பேப்பரை நாலா மடிச்சு அடியில வெச்சா ஆடாது. நீங்க எழுந்திருக்க வேணாம், நானே வெச்சுக்கறேன். கோணலா ஒண்ணு கண்ணுல பட்டா சும்மா உட்கார எனக்கு வராது. இருபத்தாறு வருஷமா புஸ்தகத்துக்குப் பக்கம் கோர்க்கறவன் நான். ஒரு வரி மயிரிழை நகர்ந்தாலும் உறுத்தும்.

கையெழுத்துப் போடச் சொல்லி நீங்க கொடுத்த தாளை ரெண்டு தடவை படிச்சேன். குழந்தைங்க வார்டு நர்ஸுங்களுக்கான கையேட்டுல மருந்து அளவு தப்பா அச்சாச்சு, அதனால மூணு பிள்ளைங்க செத்துப் போச்சு, அதுக்குக் காரணம் பழைய எஞ்சின் தந்த ஃபைல் நம்பத்தகாததுன்னு எழுதியிருக்கீங்க. அடியில என் பேருக்கு இடம் விட்டிருக்கீங்க. நான் கையெழுத்துப் போட்டா, பதினோரு நாளா உங்க லாக்கப்புல இருக்கற என் மச்சினன் சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம். என் பொண்டாட்டி, அதாவது அவனோட அக்கா, வெளியே பெஞ்சுல அவனுக்கு மாத்துச் சட்டையோட உட்கார்ந்திருக்கா. எனக்கும் எந்த வம்பும் இல்லை. எல்லாருக்கும் சௌகரியமான தாள்தான். ஆனா அதுல எழுதியிருக்கறது தப்பு.

இந்த ரிப்போர்ட் எழுதின உங்க கம்ப்யூட்டர் எக்ஸ்பர்ட் என்ன படிச்சாரோ தெரியலை. நான் சொல்றேன், கேட்டுக்குங்க. பக்கம் கோர்க்கற மென்பொருளைத்தான் நாங்க எஞ்சின்னு சொல்வோம். ஒவ்வொரு எஞ்சினும் கடைசியில ஒரு ஃபைல் கக்கும். புது எஞ்சின் கக்கறது பிடிஎஃப். அது எழுத்து, படம் எல்லாத்தையும் வயித்துக்குள்ளேயே வெச்சுக்கும், எங்கே திறந்தாலும் ஒரே மாதிரி தெரியும். எங்க பழைய எஞ்சின் கக்கறது டிவிஐ. அதுக்குள்ள எழுத்தோட உருவமும் இருக்காது, படமும் இருக்காது. இந்த எழுத்து இந்த இடத்துல, இந்தப் பேருள்ள படம் அந்த இடத்துலன்னு குறிப்பு மட்டும்தான் இருக்கும். திறக்கற மெஷின், பேரைப் பார்த்து, பக்கத்து ஃபோல்டர்ல இருந்து படத்தை எடுத்துப் போடும். சொன்ன இடத்துல சொன்னதை வைக்கும். அது பொய் சொல்லாது.

மச்சினனை எங்க ஆபீஸ்ல சேர்த்துவிட்டதே நான்தான். "அத்தான், அத்தான்"னு என் முதுகுக்குப் பின்னாடி நின்னு வேலை கத்துக்கிட்டான். ஆறு வருஷத்துல எனக்கே ஹெட் ஆயிட்டான். அதுல எனக்கு வருத்தம் இல்லை. ஒருநாள் மீட்டிங்ல, இனிமே எல்லாம் புது எஞ்சின், எல்லாம் பிடிஎஃப்னு சொன்னான். டிவிஐக்கு என்ன குறைச்சல்னு நான் கேட்டேன்.

"அத்தான் ஃபைல் எப்படின்னா, வீடு மாத்தறவன் சாமானையெல்லாம் விட்டுட்டு லிஸ்ட்டை மட்டும் லாரியில ஏத்தி அனுப்பற மாதிரி"ன்னான்.

எல்லாரும் சிரிச்சாங்க. அட்டை வரையற பொண்ணு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிச்சா. மறுநாள்ல இருந்து எனக்கு லிஸ்ட்டுன்னு பேர். "லிஸ்ட்டு வந்தாச்சா", "லிஸ்ட்டுக்கு ஒரு டீ". வீட்டுலயும் வந்து சொல்லி, அக்காவும் தம்பியும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வயிறு எரிஞ்சுது, மேடம். மறைக்க என்ன இருக்கு, நல்லாவே எரிஞ்சுது.

அந்தக் கையேடு பழைய எஞ்சின்ல கோர்த்தது. புதுசுக்கு மாத்த ஒரு மாசம் ஆகும், ஆஸ்பத்திரி அவசரப்படுத்துச்சு. "சரி அத்தான், இந்த ஒரு தடவை உங்க லிஸ்ட்டையே அனுப்பித் தொலைப்போம்"னு ஒத்துக்கிட்டான். பன்னெண்டாம் பக்கத்துல வலிப்பு மருந்தோட அளவு அட்டவணை, படமா இருக்கும். போன வருஷம் பத்துக் கிலோ பிள்ளைக்கு அஞ்சு மில்லி. இந்த வருஷம் கம்பெனிக்காரங்க அதே மருந்தை அஞ்சு மடங்கு கெட்டியாக்கிட்டாங்க, அதனால ஒரு மில்லி. எங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம் உண்டு. படம் மாறினாலும் படத்தோட பேரை மாத்த மாட்டோம், மாத்தினா ஃபைலுக்குத் தேடத் தெரியாது. ஆக, ரெண்டு வருஷத்துப் படத்துக்கும் ஒரே பேர்.

மச்சினன் பக்கம் பக்கமாப் பார்த்தான். அதுல அவன் கெட்டிக்காரன், நான் பழக்கினது. பன்னெண்டாம் பக்கத்துல விரலை வெச்சு, "படமெல்லாம் இந்த வருஷத்துதானே, அத்தான்"னு கேட்டான்.

"நீயே பார்த்துட்டு என்னைக் கேட்கறியே, தம்பி"ன்னேன்.

ஃபைலும் படங்களும் சரின்னு படிவத்துல கையெழுத்துப் போட்டுட்டு, "சாப்பிட்டு வந்து அனுப்பறேன்"னு போனான். நான் அவன் சீட்டுல உட்கார்ந்தேன். ஃபோல்டர்ல அந்த ஒரு படத்தை எடுத்துட்டு, போன வருஷத்துப் படத்தைப் போட்டேன். அவன் பேர்லயே பிரஸ்ஸுக்கு அனுப்பினேன். அப்புறம் புதுப் படத்தைத் திரும்ப வெச்சேன். நாலு நிமிஷம் ஆச்சு. அவன் திரும்பி வந்து, "அட, அனுப்பிட்டீங்களா, தேங்க்ஸ் அத்தான்"னான்.

பிரஸ்ல யாரும் படிக்க மாட்டாங்க, பேர் பொருந்துதான்னு மட்டும் பார்ப்பாங்க. அச்சு முடிஞ்சதும் படங்களை அழிச்சுட்டு ஃபைலை மட்டும் வெச்சுக்குவாங்க. அதனாலதான் உங்க எக்ஸ்பர்ட் பிரஸ்ல இருந்த ஃபைலையும் எங்க ஆபீஸ்ல இருந்த ஃபைலையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு புள்ளி வித்தியாசம் இல்லையேன்னு தலையைப் பிச்சுக்கிட்டார். கடைசியில பழியைத் தூக்கி ஃபைல் தலையில போட்டார்.

பிள்ளைங்க சாகணும்னு நான் நினைக்கலை. நர்ஸுங்க பழகின கைங்க, ஒரு மில்லி எங்கே, அஞ்சு மில்லி எங்கே, பார்த்ததுமே தெரிஞ்சுடும்னு நினைச்சேன். புஸ்தகத்தைத் திருப்பி வாங்குவாங்க, அவன் முகத்துல கரி பூசுவாங்க, அதோட முடிஞ்சுதுன்னு இருந்தேன். இதை நீங்க எழுதிக்கலாம், இது வரைக்கும் நிஜம்.

புஸ்தகம் ஆஸ்பத்திரிக்குப் போன ஒன்பதாவது நாள் ஆபீஸுக்கு ஒரு ஃபோன் வந்துச்சு. எடுத்தது நான். வார்டு ஹெட் நர்ஸ் பேசினாங்க.

"பன்னெண்டாம் பக்கம் சரிதானா சார்? ராத்திரி ஒரு பிள்ளை போயிடுச்சு. இன்னும் ரெண்டு பிள்ளைக்கு இதே மருந்து எழுதியிருக்காங்க. மருந்துக் கம்பெனியில யாரும் ஃபோனை எடுக்கலை, டாக்டர் புஸ்தகத்தைப் பார்த்துக் கொடுங்கறார். நீங்க சொன்னா நிறுத்திடறேன்."

"பார்த்துட்டுச் சொல்றேன்மா"ன்னேன்.

பார்த்தேன். புஸ்தகம் என் மேஜையிலேயே இருந்துச்சு. நான் திரும்பக் கூப்பிடலை. அவங்களே மறுபடி கூப்பிட்டாங்க. "சரியாத்தான் இருக்கு"ன்னேன்.

ஏன்னு உங்க முகம் கேட்குது. யோசிச்சுப் பாருங்க. ஒரு பிள்ளைன்னா கைத்தவறுன்னு சொல்லிப் பூசி மெழுகிடுவாங்க. முதலாளிக்கு அவன் செல்லப்பிள்ளை, ரெண்டு திட்டோட போயிருக்கும். மறு வாரமே மறுபடி "லிஸ்ட்டு"ன்னு ஆரம்பிச்சிருப்பான். மூணுன்னாதான் படிவத்துல அவன் போட்ட கையெழுத்துக்கு மதிப்பு வரும். நிதானமா யோசிச்சுத்தான் முடிவு பண்ணினேன். அன்னிக்கு மதியம் நல்லாச் சாப்பிட்டேன்.

ரெண்டாவது பிள்ளை சாயங்காலம் போச்சு. மூணாவது மறுநாள் காலையில. அந்த மூணாவது பிள்ளையோட அப்பா ஆபீஸ் வாசல்ல வந்து, அந்தப் பக்கத்தைக் கிழிச்சுக் கையில வெச்சுக்கிட்டு நின்னார். ஓரம் நேரா இல்லாம, கோணலாக் கிழிச்சிருந்தார். எனக்கு அதுதான் ஞாபகம் இருக்கு.

பொண்டாட்டி இந்தப் பதினோரு நாளும் என்கிட்ட ஒண்ணுதான் கேட்டா. "என் தம்பி பார்க்காம கையெழுத்துப் போட மாட்டானே, நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க"ன்னா. ஆமா, இருந்தேன்னு சொன்னேன்.

நீங்க கேட்கலாம், தப்பிக்க இவ்வளவு நல்ல வழி இருக்கும்போது ஏன் இதையெல்லாம் சொல்றேன்னு. நேத்து உங்க எக்ஸ்பர்ட் மச்சினன்கிட்ட இந்த ரிப்போர்ட்டைப் படிச்சுக் காட்டினாராமே. அவன் என்ன சொன்னான்னு வாசல்ல இருந்த கான்ஸ்டபிள் சிரிச்சுக்கிட்டே சொன்னார். "நான் அப்பவே சொன்னேன் சார், அது வெறும் லிஸ்ட்டுன்னு." லாக்கப்புக்குள்ள உட்கார்ந்துக்கிட்டும் அவன் சொன்னதுதான் நிக்கணுமா? கோர்ட்டுல, முத்திரை குத்தின தாள்ல, என் கையெழுத்தோட அது நிக்கணுமா? அதுக்கு நான் ஆள் இல்லை, மேடம்.

அந்த டிவிஐயை நீங்க இப்பவும் திறந்து பார்க்கலாம். ஒரு எழுத்து நகரலை. என்ன வைக்கச் சொன்னேனோ அதை, எங்கே சொன்னேனோ அங்கே வெச்சுது. படத்தை மாத்தினது நான். ஃபோன்ல சரின்னு சொன்னது நான். ரெண்டையும் எழுதிக்குங்க, எங்கே வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன்.

ஆனா பிள்ளைங்க விஷயத்தைத் தாள்ல கீழே எழுதிக்குங்க. முதல் வரியா, ஃபைல்ல தப்பு இல்லைன்னு எழுதுங்க.