தொண்ணூத்தேழு மார்க் வாங்கின பினோ

ஹலோ... ஆமா, பிலிப்பா தான். என் போனை வேற யாரு எடுப்பா, லயனல்?... ம்... பாத்தேன், பாத்தேன். பேப்பர் காலையிலேயே வந்துடுச்சு... தேங்க்ஸ்ப்பா... ஆமா, அந்தப் பினோ திராட்சை வைன் தான். ஆமா, தொண்ணூத்தேழு. நூத்துக்குத் தான்... இல்லல்ல, படிக்க வேண்டாம். நானே படிச்சுட்டேன்... லயனல், படிச்சுட்டேன்ங்கறேன்ல... சரி, படி. நீ எப்ப என் பேச்சைக் கேட்டிருக்கே.

ம்... ம்... ஆமா, "வெளிறின நிறத்தைப் பாத்து ஏமாந்துடாதீங்க"ன்னு தான் போட்டிருக்கான்... செர்ரி வாசனை, ஆமா... மழை விட்ட காட்டு மண்ணு, ஆமா ஆமா... "டாஸ்மேனியாக் குளிரு மொத்தமும் இந்தக் கிளாஸ்ல இருக்கு"... போதும்ப்பா, காது கூசுது... என்னது? சிக்னெட் ஊரு பூரா இதே பேச்சா?... ரொட்டிக் கடையில வெட்டி ஒட்டியிருக்கா? எவன் ஒட்டினான்?... நீயா! உனக்கு வேற வேலையே இல்லையா?... இல்ல, கோவம் இல்ல. சந்தோஷம் தான்... குரலா? சளி. இந்த ஆகஸ்ட் குளிர்ல யாருக்குச் சளி இல்ல, சொல்லு.

எது?... காம்பா?... ஆமா, அப்படி ஒரு வரி இருக்கு. "காம்போட முழுக்கொத்தா புளிக்க வச்ச துணிச்சல்"... அது... எழுதறவனுக்கு என்ன, வாய்க்கு வந்ததை எழுதுவான்... தெரியும்ப்பா. நான் காம்பு போட மாட்டேன், ஊருக்கே தெரியும்... ஆமா, உன்னைத் திட்டினதும் நான் தான். காம்பு எடுக்கற மிஷின் ரிப்பேர்னு நீ அப்படியே தொட்டியில கொட்டினப்ப, "கஷாயமா காய்ச்சறே?"ன்னு கேட்டேன். கேட்டேன் தான்! இப்ப அதுக்கு என்ன?... சரி சரி, கத்தல. அதை விடு.

அது என்ன சத்தம்?... பின்னாடி, கடகடன்னு... ஜேசிபியா? எதுக்கு?... கொடியைப் பிடுங்கறது இன்னிக்கேவா! அடுத்த வாரம்னு தானே சொன்னே?... மழை வரும்னு முன்னாடியே வரவச்சுட்டீங்களா... செர்ரிக் கன்னு எப்ப?... வெள்ளிக்கிழமையா... ஆமா, நான் தான் சொன்னேன். உன் சரிவு ஃப்ரிட்ஜ் மாதிரி, திராட்சை பழுக்காது, பிடுங்கிட்டு செர்ரி வையின்னு. சொன்னேன்... லயனல், இரு. லயனல்! அதை நிறுத்தச் சொல்லு... மிஷினைத் தான்... எதுக்குன்னா... சொன்னாக் கேளேன்யா! கையை ஆட்டு, கத்து, குறுக்க போய் நில்லு, என்னமோ பண்ணு. நிறுத்திட்டு வந்து பேசு. நான் லைன்லயே இருக்கேன். ஓடு!

...

ஹலோ... நின்னுடுச்சா? சத்தம் இன்னும் கேக்குதே... எஞ்சின் மட்டும் ஓடுதா. சரி. எத்தனை வரிசை போச்சு?... எத்தனைன்னு கேட்டேன்... ஆறா. இருபதுல ஆறு... எந்தப் பக்கம்? மேட்டுப் பக்கமா?... ஐயோ, வெயில் விழற பக்கமாச்சே.

எனக்குப் பைத்தியம் எல்லாம் பிடிக்கல. சொல்றேன். குறுக்க பேசாதே, பேசினா எனக்கு வராது. பிப்ரவரியில பாட்டில்ல ஊத்தறதுக்கு முன்னாடி நம்ம பொது ஷெட்டைக் கழுவினேன், ஞாபகம் இருக்கா? உன் பீப்பா மூணும் என் பீப்பா மூணும் பக்கத்துப் பக்கத்துல இருந்துது. யாருதுன்னு சாக்பீஸ்ல தானே எழுதி வச்சிருந்தேன். பம்ப் வச்சுத் தண்ணி அடிச்சேனா, அத்தனையும் போச்சு. ஒரு எழுத்து இல்ல... இல்ல, உன்னைக் கூப்பிடல. கூப்பிட்டிருக்கணும். வாயில வச்சுப் பாத்தா எனக்குத் தெரியாதா என்னன்னு ஒரு திமிரு... பாத்தேன். மூணு பீப்பா சுமார். மூணு பீப்பா... லயனல், ஒரு வாய் தான் குடிச்சேன், அப்படியே நின்னுட்டேன். அந்த மாதிரி வைன் இந்தப் பள்ளத்தாக்குல நான் குடிச்சதே இல்ல. நல்லது எல்லாம் என்னோடது தான்னு முடிவு பண்ணிட்டேன்.

...

இல்ல. இதுவும் பொய். அப்பவே தெரியும். காம்பு வாசனை அடிச்சுது, மிளகு இடிச்ச மாதிரி. என் பீப்பாயில காம்பு வாசனை எப்படி வரும்? தெரிஞ்சே தான் என் லேபிளை ஒட்டினேன்.

ஹலோ?... லயனல்?... ஆமா. ஆமா, அப்படித் தான் அர்த்தம். பேப்பர்ல இருக்கறது உன் வைன்... உன் பேர்ல வந்தது என்னோடது. நீயும் நோரீனும், புருஷனும் பொண்டாட்டியுமா மூஞ்சியைச் சுளிச்சீங்களே, அது... ஆமா, சமையலுக்குக் கூட ஊத்த மாட்டேன்னு அவ சொன்னா. நான் அங்க தானே உக்காந்திருந்தேன். உங்க வீட்டு ஆட்டுக்கறியைத் தின்னுக்கிட்டே தலையை ஆட்டினேன். "சரிவு அப்படி, நீ என்ன பண்ணுவே லயனல்"னு வேற சொன்னேன்.

ஏன்னா?... பொறாமை. வேற என்னன்னு சொல்றது? நான் நாலு வருஷம் காலேஜ்ல உக்காந்து படிச்சேன். இருபது அறுவடை பாத்துட்டேன், ஒருத்தன் ஒரு வரி எழுதினது இல்ல. நீ ஃபெர்ரிப் படகுல கார் ஏத்தி இறக்கிட்டு இருந்தவன். காம்பு எடுக்கக் கூட துப்பு இல்லாம ஒரு வைன் செஞ்சே, அது... அது எனக்கு வராத வைன்யா. வெக்கமா இருக்கு. காலையிலேர்ந்து பதினஞ்சு போன். ஒவ்வொருத்தருக்கும் தேங்க்ஸ் தேங்க்ஸ்னு சொல்லி... நீ கூப்பிடலைன்னாவா? தெரியாது. சொல்லியிருப்பேனான்னு எனக்கே தெரியாது. உன்கிட்ட இனிமே பொய் சொல்ல மாட்டேன்.

திட்டேன்ப்பா. வாயில வர்றதை எல்லாம் சொல்லித் திட்டு... என்ன? வாயை மூடவா?... சரி. நான் வாயை மூடிக்கறேன்.

...

ம்... எழுதறேன். அந்தப் பேப்பர்காரனுக்கு இன்னிக்கே எழுதறேன், என் கையெழுத்தைப் போட்டு... பாட்டில் எல்லாத்துலயும் லேபிள் மாத்தறேன்... கடைக்குப் போனதையும் திருப்பி வாங்கறேன். என்னை எவனும் ஷெட்டுக்குள்ள விட வேண்டாம், பரவாயில்ல... அந்த ஆறு வரிசை, திரும்ப நட்டா?... வேரே அறுந்துடுச்சா... தெரியும். தெரியும்ப்பா, கேட்டுப் பாத்தேன். பதினெட்டு வருஷக் கொடி.

யாரு வர்றா?... நோரீனா? வேண்டாம், லயனல். நீயே சொல்லிடேன்... பயம் தான், பின்ன என்ன... ம்... ம்... அது நியாயம். என் வாயால தான் கேக்கணும். சரி. குடு.

நோரீன்... ஆமா, நான் தான்... இல்ல, வாழ்த்தெல்லாம் வேண்டாம்... என்னது, கேக்கா? எனக்கா? அடுப்புலயா இருக்கு?... நோரீன், ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளு. அந்தத் தொண்ணூத்தேழு மார்க் வைன் என்னோடது இல்ல. உன் புருஷன் செஞ்சது... விளையாடல. அவன் மூஞ்சியைப் பாரு, விளையாட்டு மாதிரியா இருக்கு?... பீப்பா மாறிடுச்சு. மாறினது தெரிஞ்சும் நான் சொல்லல. திருட்டு தான்... ஆமா. அதே கொடி. இப்பப் பிடுங்கிட்டு இருந்தாங்களே, அதே தான்.

ம்?... என்ன சொல்றே?... நீயா வரச் சொன்னே?... அவன் இன்னும் ஒரு வருஷம் பாக்கலாம்னு கெஞ்சினானா... நீ தான் முடியாதுன்னுட்டு ஜேசிபிக்குப் போன் பண்ணியா... ஐயோ, நோரீன், அழாதே. நீ என்ன பண்ணுவே? நான் உக்காந்து சொன்னதை நம்பிப் பண்ணினே. நாளைக்கு அவன் உன்னை ஒரு வார்த்தை கேட்டா என் பேரைச் சொல்லு. ஊரு கேட்டாலும் சொல்லு. அந்த ஆறு வரிசையைப் பிடுங்கினது நீ இல்ல, நான். நோரீன்?... வைக்காதே, நோரீன்... ஹலோ?... ஹலோ?